முட்டையும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களும்: ஒரு வரலாறு

கோழி முட்டை வழியாக மனிதரை வந்தடையும் பாக்டீரியாக்களில் முதன்மையானது சால்மோனெல்லா. இந்தப் பாக்டீரியாவின் சில வகைகள், நோய் தீர்க்கக் கொடுக்கப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளுக்குக் கட்டுப்படாதவையாக மாறியிருக்கின்றன. இந்த மாற்றம் மருத்துவமனையில் மட்டும் நிகழ்ந்ததன்று. இதில் கோழித் தீவனத்துக்கும், குஞ்சு பொரிப்பகத்துக்கும், மருந்து நிறுவனங்களின் கழிவுத் தொட்டிக்கும்கூடப் பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய இவ்வரலாறு இன்னும் முடியவில்லை.

இப்பொருளைப் பற்றிப் பேசும்போது இரண்டு வேறு செய்திகள் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. முதலாவது மருந்து எச்சம். கோழிக்குக் கொடுத்த மருந்தின் ஒரு பகுதி முட்டையில் தங்கிவிடுவதே எச்சம். மஞ்சள் கருவின் பெரும்பகுதி முட்டை இடுவதற்கு முந்தைய பத்து நாட்களுக்குள் திரள்கிறது. அந்நாட்களில் கோழியின் இரத்தத்தில் இருக்கும் மருந்து மஞ்சள் கருவிலும் படியும். மருந்தை நிறுத்திய பிறகும் சில நாட்கள் முட்டைகளை விற்கக் கூடாது என்ற விதி இதனால் வந்தது. இரண்டாவது, மருந்தெதிர்ப்புப் பாக்டீரியா. முட்டையில் மருந்து துளியும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த மருந்தைத் தாங்கிப் பழகிய பாக்டீரியா ஓட்டின் மேலோ உள்ளேயோ இருக்கலாம். முதலாவதை வேதியியல் ஆய்வகத்தில் அளக்க முடியும். இரண்டாவது உயிருள்ளது, அது பெருகும், இடம் மாறும், தன் எதிர்ப்புத்திறனை மற்றொரு பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

சால்மோனெல்லா முட்டைக்குள் புகும் வழி

1885 ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய தியோபால்டு சுமித் பன்றிகளிடமிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அவருடைய மேலதிகாரியான கால்நடை மருத்துவர் டேனியல் சால்மன் பெயரே பின்னர் அந்தப் பேரினத்துக்கு இடப்பட்டது. கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் நிலைத்தது மற்றொருவருக்கு. 1888 ஆம் ஆண்டு செருமனியின் பிராங்கன்ஹவுசன் நகரில் மாட்டிறைச்சி உண்ட பலர் நோயுற்றனர். அப்போது ஆகஸ்ட் கார்ட்னர் பிரித்தெடுத்த வகைதான் இன்று சால்மோனெல்லா என்டரிடிடிஸ் எனப்படுகிறது. முட்டை என்றாலே உணவுப் பாதுகாப்புத் துறையினர் நினைக்கும் பெயர் இது.

இது முட்டைக்குள் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று வெளியிலிருந்து: கோழியின் எச்சம் ஓட்டில் ஒட்டிக்கொள்ள, ஈரமும் வெப்ப மாற்றமும் சேரும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியே பாக்டீரியா உள்ளே போகிறது. மற்றொன்று உள்ளிருந்து: நோய்க்குறி எதுவும் காட்டாத கோழியின் சூலகத்திலும் முட்டைக்குழாயிலும் பாக்டீரியா குடியேறி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் சென்றுவிடுகிறது. இந்த இரண்டாவது வழியில் வந்த முட்டையை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. விரிசல் இல்லாத, பளபளப்பான, தரச்சான்று பெற்ற முட்டையிலும் அது இருக்கலாம். இந்த வழியின் முழு விளைவு உணரப்பட்டதோ 1980களில்தான்.

தீவனத்தில் கலந்த மருந்து

நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் நகரில் லெடர்லி ஆய்வகம் இருந்தது. அங்கு பெஞ்சமின் டகர் என்ற தாவரவியலாளர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தைக் கண்டறிந்தார். குளோர்டெட்ராசைக்ளின் என்பது அதன் பொதுப்பெயர். 1948 ஆம் ஆண்டு இது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாடு ஆகிய இருவரும் முற்றிலும் வேறொரு வேலையில் இருந்தனர். தாவரப் புரதம் மட்டும் உண்ணும் கோழிக்குஞ்சுகள் சரியாக வளர்வதில்லை. மீன் தூள், ஈரல் போன்றவற்றில் இருக்கும் ஏதோ ஒன்று அவற்றுக்குத் தேவைப்பட்டது. அது வைட்டமின் பி12 என்பது அப்போதுதான் தெளிவாகிக்கொண்டிருந்தது. அந்த வைட்டமினை மலிவாகப் பெற முடியுமா என்று பார்க்க, ஆரியோமைசின் தயாரித்த பின் எஞ்சிய நொதித்த சக்கையைக் குஞ்சுகளின் தீவனத்தில் கலந்தனர்.

1948 கிறிஸ்துமஸ் நாளன்று, உதவியாளர்கள் விடுமுறையில் இருந்ததால், ஜூக்ஸ் தாமே குஞ்சுகளை எடைபோட்டார். சக்கை உண்ட குஞ்சுகள் மற்ற எல்லாவற்றையும் விடக் கனமாக இருந்தன. வைட்டமின் மட்டுமே தரக்கூடிய வளர்ச்சியைவிட அது கூடுதல். சக்கையில் எஞ்சியிருந்த மருந்தே காரணம் என்பது பின்னர் உறுதியானது. 1950 ஏப்ரலில் இச்செய்தி நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்தது. 1951 ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தீவனத்தில் கலக்க அனுமதித்தது. 1953 ஆம் ஆண்டு பிரிட்டனும் பெனிசிலினுக்கும் குளோர்டெட்ராசைக்ளினுக்கும் சட்டம் வழியாக அவ்வனுமதியை வழங்கியது.

அந்தக் காலத்தின் மனநிலையை இன்றைய அறிவைக் கொண்டு எடைபோடுவது எளிது. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் இறைச்சியும் முட்டையும் பங்கீட்டுப் பொருட்களாக இருந்தன. ஒரு பவுண்டு தீவனத்தில் கூடுதல் எடை தரும் எதுவும் வரமாகத் தோன்றிய நேரம் அது. அவ்வார்வம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1955 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில், அறுத்த கோழியை விற்பனைக்கு முன் குளோர்டெட்ராசைக்ளின் கரைத்த குளிர்நீரில் முக்கியெடுக்கும் முறைக்கு அனுமதி கிடைத்தது. கோழி கெடாமல் இருக்கும் என்பதே நோக்கம். 1966 ஆம் ஆண்டு அது கைவிடப்பட்டது.

தீவனத்தில் சேர்க்கப்பட்டது நோயைக் குணமாக்கும் அளவு மருந்து அன்று. ஒரு டன்னுக்குச் சில கிராம். சிக்கலின் வேர் இதில்தான் இருக்கிறது. முழு அளவு மருந்து பெரும்பாலான பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். குறைந்த அளவு மருந்தோ வலுவற்றவற்றை மட்டும் அழித்து, தாங்கக்கூடியவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. அலெக்சாண்டர் பிளெமிங் 1945 ஆம் ஆண்டு நோபல் பரிசு ஏற்புரையிலேயே, போதாத அளவில் பெனிசிலின் எடுத்துக்கொள்வோரின் உடலில் நுண்ணுயிர்கள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை மனிதருக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளப்பட்டது; கோழிக்கொட்டகைக்கும் அது பொருந்தும் என்று அன்று எண்ணியவர் சிலரே.

ஜப்பானிலிருந்து வந்த செய்தி

1950களில் ஜப்பானில் சீதபேதி பரவலாக இருந்தது. அதற்குக் காரணமான சிகெல்லா பாக்டீரியாக்களில் சல்பா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் ஆகிய நான்கு மருந்துகளுக்கும் ஒருசேர அடங்காதவை தென்பட்டன. நான்கு எதிர்ப்புத்திறன்களும் ஒரே பாக்டீரியாவில் தனித்தனியே தற்செயலாகத் தோன்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1959 ஆம் ஆண்டு ஓச்சியாய், ஆகிபா ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே விடை கண்டன. எதிர்ப்புத்திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு, அதுவும் குடலில் சாதுவாக வாழும் ஈ. கோலை போன்ற வேறோர் இனத்திலிருந்து சிகெல்லாவுக்கு, நேரடியாகக் கைமாறுகிறது என்பதே அவ்விடை. சுடோமு வட்டனபே 1963 ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதிய விரிவான கட்டுரை வழியாக இது மேற்குலகுக்குத் தெரியவந்தது. இவ்வாறு கைமாறும் சிறு டி.என்.ஏ. வளையங்களுக்குப் பிளாஸ்மிடு என்று பெயர்.

இதன் பொருள் பெரிது. அதுவரை தீவன மருந்தை ஆதரித்தோர், கோழிக்குடலில் எதிர்ப்பு வந்தாலும் அது கோழியின் பாக்டீரியாவோடு நின்றுவிடும் என்று வாதிட்டனர். பிளாஸ்மிடு கண்டுபிடிப்புக்குப் பின் அந்த வாதம் நிற்கவில்லை. கோழியின் ஈ. கோலை மனிதருக்கு நோயே தராவிட்டாலும், அது சுமந்துவரும் வளையத்தை மனிதக் குடலில் உள்ள வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

சுவான் அறிக்கையும் மாசசூசெட்ஸ் பண்ணையும்

லண்டன் காலின்டேல் ஆய்வகத்தில் குடல்நோய்ப் பாக்டீரியாக்களை ஆய்ந்துவந்த இ. எஸ். ஆண்டர்சன் இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டார். 1960களின் நடுவில் பிரிட்டனின் கன்றுப் பண்ணைகளில் பரவிய சால்மோனெல்லா டைபிமூரியம் பல மருந்துகளுக்கு அடங்காததாகிக்கொண்டே போவதையும், அதே வகை மனிதரிடம் வருவதையும் அவர் ஆண்டுக்காண்டு பதிவு செய்தார். ஆண்டர்சன் அமைதியாக எழுதக்கூடியவர் அல்லர். இதழ்களிலும் அரசிடமும் ஓயாமல் வாதாடினார். 1967 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் டீஸ்சைடு பகுதியில் மருந்துக்கு அடங்காத ஈ. கோலையால் கைக்குழந்தைகள் பலர் இறந்தது பொதுமக்களை உலுக்கியது. அதற்கும் பண்ணைகளுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. எனினும் அரசு விசாரணைக் குழு அமைக்க அது ஒரு தூண்டுதலாயிற்று.

விலங்கியலாளர் மைக்கேல் சுவான் தலைமையிலான அக்குழு 1969 நவம்பரில் அறிக்கை அளித்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளைச் சீட்டு இல்லாமல் தீவனத்தில் கலக்கக் கூடாது என்பதே அதன் சாரம். பெனிசிலினும் டெட்ராசைக்ளினும் வளர்ச்சி ஊக்கிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. உலக அளவில் இது முன்னோடியான முடிவு. ஆனால் கால்நடை மருத்துவர் சீட்டு எழுதினால் அதே மருந்தை அதே தீவனத்தில் 'நோய்த் தடுப்பு' என்ற பெயரில் கலக்க முடிந்தது. வளர்ச்சிக்காகக் கொடுப்பதற்கும் தடுப்புக்காகக் கொடுப்பதற்கும் கோழிக்குடலில் உள்ள பாக்டீரியாவுக்கு வேறுபாடு தெரியாது. சட்டத்தில் இருந்த இந்த ஓட்டை ஐரோப்பா முழுவதும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

அமெரிக்காவில் நேரடிச் சோதனை ஒன்று நடந்தது. போஸ்டன் நகரின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி, மாசசூசெட்ஸில் ஒரு குடும்பம் வாழ்ந்த சிறு பண்ணையில் 300 கோழிக்குஞ்சுகளை வளர்த்தார். பாதிக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம், பாதிக்குக் கலக்காத தீவனம். செலவை ஏற்றது கால்நடை மருந்து உற்பத்தியாளர்களின் சங்கமே. மருந்து தீங்கற்றது என்று நிறுவ முடியும் என அது எண்ணியிருக்க வேண்டும். 1976 ஆம் ஆண்டு வெளியான முடிவு வேறாக இருந்தது. ஒரே வாரத்தில் மருந்துண்ட குஞ்சுகளின் குடல் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய முழுவதும் டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவையாயின. ஐந்தாறு மாதங்களில் மாற்றம் பண்ணை வீட்டாரிடமும் வந்தது: அவர்களிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளில் 31.3 விழுக்காட்டில், பாக்டீரியாக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மருந்துக்கு அடங்கவில்லை. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் இது 6.8 விழுக்காடு மட்டுமே. கோழிகளுக்குக் கொடுத்தது ஒரே மருந்து. பாக்டீரியாக்களோ வேறு மருந்துகளையும் தாங்கின. பிளாஸ்மிடு பல எதிர்ப்புத்திறன்களை ஒரே மூட்டையாகச் சுமப்பதுதான் காரணம்.

மறு ஆண்டே, 1977 இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பெனிசிலினையும் டெட்ராசைக்ளினையும் தீவனத்திலிருந்து விலக்க முன்மொழிந்தது. நாடாளுமன்றம் இன்னும் ஆய்வு தேவை என்று கூறி அதைத் தடுத்தது. அந்த முன்மொழிவு நடைமுறைக்கு வராமலேயே 34 ஆண்டுகள் கோப்பில் கிடந்து, 2011 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பது அங்கு நின்றது 2017 சனவரியில்தான். ஐரோப்பாவில் சுவீடன் 1986 ஆம் ஆண்டே எல்லா வளர்ச்சி ஊக்கி மருந்துகளையும் தடை செய்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 சனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

1988: முட்டை பேசுபொருளான ஆண்டு

இதுவரை சொன்ன வரலாற்றில் முட்டை பின்னணியிலேயே இருந்தது. 1980களில் அது முன்னுக்கு வந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 1985 முதல் 1987 வரை சால்மோனெல்லா என்டரிடிடிஸ் 65 முறை கொத்தாகப் பரவியது. எந்த உணவால் என்று கண்டறிய முடிந்த 35 நிகழ்வுகளில் 27 இல் காரணம் முட்டை. அதுவும் உடையாத, முதல் தர முட்டை. 1988 ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு, அழுக்கான ஓட்டைத் தவிர்த்தால் போதும் என்ற பழைய நம்பிக்கையை முறித்தது.

அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று, பிரிட்டனின் சுகாதாரத் துறை இளநிலை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருப்பதாகத் தொலைக்காட்சியில் கூறினார். முட்டை விற்பனை சரிந்தது; உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தனர்; இரு வாரங்களில் அவர் பதவி விலகினார். அவர் சொன்னது அளவில் மிகை. பெரும்பாலான பண்ணைகளில் தொற்று இருந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் சிக்கல் உண்மையானது. அடுத்த ஆண்டுகளில் தொற்றுள்ள முட்டைக்கோழிகள் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டன. நிலைமையை உண்மையில் மாற்றியதோ தடுப்பூசி. 1998 முதல் சிங்க முத்திரை பெறும் முட்டைகளை இடும் கோழிகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டு, கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட அம்முத்திரை கொண்ட முட்டையை அரைவேக்காடாக உண்ணலாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை அறிவித்தது.

இந்தப் பாக்டீரியா ஏன் அந்தப் பத்தாண்டில் தலைதூக்கியது? கோழிகளைக் கொல்லும் சால்மோனெல்லா கல்லினாரம் என்ற உறவினத்தைப் பண்ணைகள் பல ஆண்டுகள் போராடி ஒழித்தன. அது காலி செய்த இடத்தில், கோழியைக் கொல்லாத, ஆனால் மனிதரைத் தாக்கும் என்டரிடிடிஸ் குடியேறியது என்று 2000 ஆம் ஆண்டு ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது. பொருத்தமான விளக்கம்தான்; எனினும் முடிந்த முடிவாக எல்லோரும் ஏற்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1980களின் முட்டை நெருக்கடியை உண்டாக்கிய என்டரிடிடிஸ் பெரும்பாலும் மருந்துகளுக்குக் கட்டுப்பட்ட பாக்டீரியா. முட்டைச் சால்மோனெல்லாவின் கதையும் மருந்தெதிர்ப்பின் கதையும் அதுவரை அருகருகே ஓடிய இரண்டு வாய்க்கால்கள். அவை கலந்தது பின்னர். 2002 ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் உணவகங்கள் வழியே பரவிய என்டரிடிடிஸ் வேறு வகையினதாக இருந்தது. நாலிடிக்சிக் அமிலத்துக்கு அடங்காதது, சிப்ரோபிளாக்சசினுக்கும் முன்போல் எளிதில் அடங்காதது. தேடிப் பார்த்தபோது ஸ்பெயினிலிருந்து இறக்குமதியான முட்டைகளுடன் தொடர்பு தெரிந்தது. 2009 ஆம் ஆண்டும் அத்தகைய வகையே நூற்றுக்கணக்கானோரைப் பாதித்தது; அப்போதும் தடம் ஸ்பெயின் முட்டைகளுக்கே சென்றது. உள்நாட்டில் தடுப்பூசி போட்டுச் சம்பாதித்த பாதுகாப்பு, மலிவு விலை முட்டையை வாங்கிய சமையற்கூடத்தில் கைநழுவியது.

கியூபெக்: முட்டைக்குள் ஊசி

மருந்துக்கும் எதிர்ப்புக்கும் உள்ள தொடர்பு மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் கனடாவின் கியூபெக் மாகாணம். அங்கு நடந்தது உண்ணும் முட்டையில் அன்று. இறைச்சிக்கோழிக் குஞ்சு பொரிப்பதற்கான முட்டையில்.

நவீனப் பொரிப்பகங்களில் முட்டைகளை அடைகாக்கும் பெட்டியிலிருந்து பொரிக்கும் பெட்டிக்கு 18 ஆம் நாள் மாற்றுகிறார்கள். அப்போது இயந்திரம் ஒன்று முட்டை ஓட்டில் நுண்துளையிட்டு, உள்ளிருக்கும் கருவுக்கு மாரெக் நோய்த் தடுப்பூசியைச் செலுத்துகிறது. ஒரு மணி நேரத்தில் பல்லாயிரம் முட்டைகளுக்கு இவ்வாறு ஊசி போட முடியும். ஓட்டில் துளை விழுவதால் ஈ. கோலை உள்ளே போய்க் குஞ்சின் தொப்புளைத் தாக்கலாம். அதைத் தடுக்கத் தடுப்பூசியோடு செஃப்டியோஃபர் என்ற மருந்தையும் சிறிதளவு கலந்தனர். முட்டைக்குள் செலுத்த அம்மருந்துக்குக் கனடாவில் ஒப்புதல் இருக்கவில்லை. ஒப்புதல் பட்டியலுக்கு வெளியே கால்நடை மருத்துவரின் பொறுப்பில் பயன்படுத்தும் வழக்கம் அது. பிறக்காத குஞ்சுக்கே, நோய் வந்ததா என்று பாராமல், எல்லா முட்டைக்கும் மருந்து.

செஃப்டியோஃபர் விலங்குகளுக்கு மட்டுமே உரிய மருந்து. ஆனால் அதன் நெருங்கிய உறவு செஃப்ட்ரையாக்சோன். சால்மோனெல்லா தீவிரமாகி இரத்தத்தில் கலந்தால், சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் பெரிதும் நம்புவது செஃப்ட்ரையாக்சோனை. அவர்களுக்குச் சிப்ரோபிளாக்சசின் போன்றவற்றைக் கொடுக்கத் தயங்குவர். ஒன்றைத் தாங்கும் பாக்டீரியா மற்றொன்றையும் தாங்கும். கோழிப்பொரிப்பகத்தில் செலவழிந்தது உண்மையில் குழந்தைகள் வார்டின் கையிருப்பு.

கனடா 2002 ஆம் ஆண்டு மருந்தெதிர்ப்பைக் கண்காணிக்க ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அத்திட்டம் கடைகளில் விற்கும் கோழி இறைச்சியையும் நோயாளிகளிடம் கிடைத்த பாக்டீரியாக்களையும் ஒரே முறையில் சோதித்தது. இதுவே அதன் சிறப்பு. சால்மோனெல்லா ஹைடெல்பர்க் என்ற வகையில் செஃப்டியோஃபர் எதிர்ப்பு கியூபெக்கில் மிகுந்து வருவது கோழியிலும் மனிதரிலும் ஒருசேரத் தெரிந்தது. அறிக்கைகள் வெளியானதும், 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கியூபெக் பொரிப்பகங்கள் தாமாகவே அம்மருந்தை நிறுத்தின. கடைக் கோழியில் கிடைத்த ஹைடெல்பர்க்கில் 62 விழுக்காடாக இருந்த எதிர்ப்பு 7 விழுக்காடாக வீழ்ந்தது. ஈ. கோலையில் 34 இலிருந்து 6 ஆகக் குறைந்தது. மனிதரிடமும் அதே சரிவு. 2007 ஆம் ஆண்டு பொரிப்பகங்கள் ஓரளவு மருந்தை மீண்டும் தொடங்கின. எண்கள் முறையே 20, 19 என ஏறின.

ஆய்வாளர்கள் திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்கான சோதனையை நடத்தியிருக்க முடியாது. கொடுத்தார்கள், ஏறியது, நிறுத்தினார்கள், இறங்கியது, மீண்டும் கொடுத்தார்கள், ஏறியது. 2010 ஆம் ஆண்டு இம்முடிவுகள் ஆய்விதழில் வெளிவந்தன. 2014 மே மாதத்தில் கனடியக் கோழி வளர்ப்போர் அமைப்பு, மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமான மருந்துகளை நோய்த்தடுப்புக்காகக் கொடுப்பதை நாடு முழுவதும் நிறுத்தியது. அமெரிக்கா 2012 ஆம் ஆண்டு இவ்வகை மருந்துகளின் பட்டியலுக்கு வெளியேயான பயன்பாட்டைத் தடை செய்தது; முட்டைக்குள் ஊசி போடுவதும் அதில் அடக்கம். ஜப்பானிலும் பொரிப்பகங்கள் 2012 ஆம் ஆண்டு செஃப்டியோஃபரைத் தாமாகக் கைவிட, பண்ணைக் கோழிகளின் ஈ. கோலையில் எதிர்ப்பு குறைந்தது.

இந்தச் சரிவுகளை வைத்து, மருந்தை நிறுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. எதிர்ப்பு மரபணு குறைந்தது, மறையவில்லை. வாய்ப்புக் கிடைத்ததும் இரண்டே ஆண்டுகளில் திரும்பி வந்ததையும் அதே கியூபெக் தரவுதான் காட்டுகிறது.

சமையலறையில்

மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா நெருப்புக்கு அடங்கும். மருந்தைத் தாங்கும் திறனுக்கும் வெப்பத்தைத் தாங்கும் திறனுக்கும் தொடர்பில்லை. வெள்ளைக் கருவும் மஞ்சள் கருவும் கெட்டியாகும்வரை வேகவைத்தால் இரு வகையும் இறந்துவிடும். எனவே அவித்த முட்டையால் ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து இருப்பது அரைவேக்காட்டிலும், பச்சை முட்டை சேரும் மயோனைசு போன்றவற்றிலும், முட்டையை உடைத்த கையால் சட்டினிக் கிண்ணத்தைத் தொடுவதிலும். பெரிய சமையற்கூடங்களில் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே பாத்திரத்தில் உடைத்து ஊற்றி அறை வெப்பத்தில் வைத்திருப்பது இன்னும் மோசம். ஒரு முட்டையில் இருந்தது எல்லாவற்றுக்கும் பரவி, சில மணி நேரத்தில் பல மடங்காகப் பெருகும். முட்டையைக் குளிர்ச்சியாக வைப்பது பாக்டீரியாவைக் கொல்லாது, பெருகாமல் தடுக்கும். வீட்டில் முட்டையைக் கழுவி வைப்பது நல்லதன்று. ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு நீங்கி, ஈரத்தோடு பாக்டீரியா உள்ளே இழுக்கப்படும்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான சால்மோனெல்லா வயிற்றுப்போக்கு மருந்தில்லாமலேயே சில நாட்களில் தணிந்துவிடும். மருந்தெதிர்ப்பு உயிர் பிரச்சினையாவது தொற்று குடலைத் தாண்டும் சிலரிடம். அவர்கள் பெரும்பாலும் கைக்குழந்தைகள், முதியோர், நோயெதிர்ப்பு குன்றியோர்.

கோயம்புத்தூர் அட்டைகளும் கொலிஸ்டினும்

இந்தியாவின் முட்டைத் தலைநகரங்களில் ஒன்று நாமக்கல். பள்ளிச் சத்துணவில் முட்டை வழங்கும் தமிழ்நாட்டில் இது பொருளாதாரச் செய்தி மட்டுமன்று. கோயம்புத்தூரின் சில்லறைச் சந்தைகளில் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓராண்டு மாதிரி சேகரித்துச் செய்த ஆய்வு 2006 ஆம் ஆண்டு வெளியானது. 492 முட்டைகளில் 38 இல், அதாவது 7.7 விழுக்காட்டில், சால்மோனெல்லா இருந்தது. அவற்றில் 29 இல் ஓட்டின் மேல். 9 இல் உள்ளே. முட்டை அடுக்கும் அட்டைகளிலும் ஏறத்தாழ அதே விகிதம், 7.5 விழுக்காடு. முட்டைக்குள் கிடைத்தவை அனைத்தும் என்டரிடிடிஸ். மழைக்காலத்தில் தொற்று மிகுதி. பிரித்தெடுத்த பாக்டீரியாக்களில் பல ஆம்பிசிலின், நியோமைசின், டெட்ராசைக்ளின், பாலிமிக்சின்-பி ஆகியவற்றைத் தாங்கின.

கடைசியாகச் சொன்ன பாலிமிக்சின் குடும்பத்தைச் சேர்ந்ததே கொலிஸ்டின். என்டரிடிடிஸ் வகைக்கு இக்குடும்ப மருந்துகளைச் சற்றுத் தாங்கும் இயல்பு பிறவியிலேயே உண்டு. ஆகவே அந்த ஒரு முடிவை மட்டும் கொண்டு பண்ணைகளைக் குற்றஞ்சாட்ட முடியாது. கொலிஸ்டினோ தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதுவும் பலிக்காதபோது எடுக்கும் மருந்து. பழைய மருந்து, மலிவு, சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மனித மருத்துவம் நெடுங்காலம் ஒதுக்கிவைத்திருந்தது. அதனால் கோழிப்பண்ணைகளும் பன்றிப்பண்ணைகளும் தடையின்றிப் பயன்படுத்தின. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், கொலிஸ்டின் எதிர்ப்பைப் பிளாஸ்மிடு வழியே கைமாற்றும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவை விலங்குகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் கண்டதாக அறிவித்தனர். 1959 இல் ஜப்பானில் கண்ட அதே வழிமுறை, கடைசி மருந்துக்கும் வந்துவிட்டது. சீனா 2017 ஆம் ஆண்டு தீவனத்தில் கொலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகச் சேர்ப்பதை நிறுத்தியது.

இந்தியாவில் 2007 ஆம் ஆண்டின் கோழித்தீவனத் தரநிலை, வளர்ச்சிக்காக நுண்ணுயிர் எதிர்ப்பி சேர்க்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது, அது கட்டாயமாக்கப்படவில்லை. 2014 ஆம் ஆண்டு டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 70 கோழி மாதிரிகளில் 28 இல் மருந்து எச்சம் இருந்தது பெரும் விவாதத்தை எழுப்பியது. 2019 சூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழிகள், மீன் வளர்ப்பு, தீவனம் ஆகியவற்றுக்காகக் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் பகிர்வதையும் தடை செய்தது. மருந்துப் பெட்டியில் அதற்கேற்ப எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் உள்ளது. முட்டை அட்டைகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவை இன்றும் பண்ணைக்கும் கடைக்கும் இடையே, கழுவப்படாமல், கை மாறிக்கொண்டிருக்கின்றன.